பொறுப்பு செவிலியரிடம், அதிகாரம் யாரிடம்?

(செவிலியர் கல்லூரி ஒன்றின் ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



செவிலியரைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்களுக்குச் சில சொற்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. தியாகம், கருணை, தாயுள்ளம், வெள்ளுடை தேவதை. ஆண்டுதோறும் செவிலியர் தினமான மே 12ஆம் தேதி இவற்றைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது பழகிவிட்டது. மெழுகுவத்தி ஏற்றி, உறுதிமொழி எடுத்து, கேக் வெட்டிய கையோடு நைட் டூட்டிக்குப் போனால், நாற்பது படுக்கைக்கு அன்றைக்கும் இரண்டே பேர்தான். ஒருவர் லீவு என்றால் ஒருவர்தான். மேடைப் பாராட்டு டூட்டி ரோஸ்டரில் ஓர் ஆளைக்கூடக் கூட்டியதில்லை.

ஆகவே இன்று பாராட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இன்றிரவு அந்த வார்டில் எத்தனை செவிலியர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்? முடிவெடுத்த அறையில் ஒரு செவிலியராவது உட்கார்ந்திருந்தாரா? உட்கார்ந்திருந்தால் அவர் சொல் எடுபட்டதா? செவிலியர் தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். அந்த அறையில் செவிலியரின் சொல் ஏறாவிட்டால் அதன் விலையைக் கடைசியில் கொடுப்பவர் நோயாளி. இதுவே என் கட்சி. இதை நிறுவத்தான் இந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஸ்குட்டாரியில் நடந்தது

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் கையில் விளக்கோடு நிற்கும் படம் நம் கல்லூரிகள் எல்லாவற்றிலும் மாட்டியிருக்கிறது. அந்த விளக்கு அவரைப் பற்றிய பாதி உண்மையை மறைத்துவிட்டது.

1854 நவம்பரில், கிரிமியப் போரின்போது, 38 செவிலியர்களோடு அவர் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரியின் பாரக் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மருந்தும் துணியும் அடியோடு இல்லாமல் இல்லை. வந்த சரக்கு கிடங்கில் கிடந்தது. சட்டைகள் மூட்டை மூட்டையாக இறங்கியும், அதிகாரிகள் குழு கூடிப் பார்வையிடாமல் பிரிக்கக் கூடாது என்று சரக்கு அதிகாரி மறுத்துவிட்டதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வெளியே குளிரில் சிப்பாய்கள். உள்ளே பிரிக்காத மூட்டை.

நைட்டிங்கேலால் இந்தச் சுவரைத் தாண்ட முடிந்ததற்கு மூன்று காரணங்கள். முதலாவது, போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட் நேரடியாக நியமித்து அனுப்பிய ஆள் அவர். மேலிடத்துக்கு நேரே கடிதம் எழுதுவார். இரண்டாவது, பணம். ‘தி டைம்ஸ்’ நாளிதழ் திரட்டிய நிதியிலிருந்து சந்தையில் நேரே பொருள் வாங்க அவரால் முடிந்தது. மூன்றாவது, கணக்கு. யார் வந்தார், எதனால் இறந்தார் என்று அவர் எண்ணத் தொடங்கினார்.

மூன்றாவதுதான் முக்கியம். 1855 பிப்ரவரியில், சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்துகொண்டிருந்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு கட்டடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைத் தோண்டிச் சுத்தம் செய்தது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூன் மாதத்துக்குள் இறப்பு 2 விழுக்காட்டுக்கு அருகில் வந்துவிட்டது. ஊர் திரும்பிய பிறகு புள்ளியியலர் வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான், சிப்பாய்களைக் கொன்றதில் குண்டைவிட மருத்துவமனையின் அசுத்தமே முந்தி நின்றது என்பது நைட்டிங்கேலுக்கு முழுதாகத் துலங்கியது. அதை வண்ண வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தார். 1858இல் லண்டன் புள்ளியியல் கழகம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது.

மேலிடத்தில் பேசும் வழி, செலவழிக்கக் கொஞ்சம் பணம், கையில் கணக்கு: இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அவருடைய தலைமை. நாமோ விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றையும் விட்டுவிட்டோம்.

சென்னையும் டெல்லியும்

நம் ஊர்க் கதை பழையது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இந்தியாவின் முதல் செவிலியர் பள்ளி என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1905இல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றுள்ள இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்துக்கு அதுதான் வித்து. இந்த நாட்டில் செவிலியர் இயக்கமே தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களிடமிருந்துதான் கிளம்பியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1909இல் வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி வந்தது. 1926இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சிகளுக்கான சட்டத்தை இயற்றிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது.

அதே 1946இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை வெளிவந்தது. நாடு முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியர், அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர் என்றது அது. அன்றைய பஞ்சம் ஆள் பஞ்சம். அதைப் போக்கக் கல்லூரி கல்லூரியாகத் திறந்தோம். இன்று வளைகுடா முதல் பிரிட்டன் வரை நம் பிள்ளைகள் இல்லாத மருத்துவமனை அரிது. எண்ணிக்கை ஏறியது. நாற்காலி ஏறவில்லை.

இதை அரசாங்கமே ஒருமுறை உட்கார்ந்து ஆராய்ந்தது. 1987இல் மத்திய அரசு செவிலியர் தொழில் குறித்து உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. பின்னர் அதன் தலைமையை ஏற்று 1989இல் அறிக்கையை முடித்துக் கொடுத்தவர் நம் சரோஜினி வரதப்பன். மத்தியிலும் மாநிலத்திலும் மாவட்டத்திலும் செவிலியர் துறையிலிருந்தே உயரதிகாரிகள் வர வேண்டும், தங்கள் பணியைப் பற்றிய முடிவுகளில் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்ற திசையில்தான் அந்தக் குழு பேசியது. பல மாநிலங்களில் அது இன்னும் கோரிக்கை மனுவாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் செவிலியருக்குத் தனி இயக்குநரகம் வேண்டும் என்று சங்கங்கள் கேட்டுவருவது நீங்கள் அறிந்ததுதான்.

2023இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம், 1947ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்துக்கு வருகிறது. படிப்பையும் பதிவையும் அது ஒழுங்குபடுத்தும். வார்டுக்குள் யார் சொல் நடக்கும் என்பதை எந்த ஆணையமும் டெல்லியிலிருந்து தீர்மானிக்க முடியாது. அது ஒவ்வொரு மருத்துவமனையிலும் தீர வேண்டிய வழக்கு.

வார்டுக்குள் ஒரு நாள்

ஆசிரியப் பணிக்கு வருவதற்கு முன் நான் வார்டு சிஸ்டராக இருந்தவள். அந்த மேசையிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

காலை ஏழரைக்கு சார்ஜ் எடுக்கும்போது முதலில் எண்ணுவது நோயாளிகளை. அடுத்து மருந்து. பூட்டி வைக்கும் ஊசி மருந்துகளை ஆம்பூல் ஆம்பூலாக எண்ணிக் கையெழுத்து. பிறகு சாமான்: கட்டில், மெத்தை, படுக்கை விரிப்பு, டிரிப் ஸ்டாண்டு, பி.பி. கருவி. ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சிஸ்டர்தான் பதில் சொல்ல வேண்டும். உடைந்த பொருளைத் தூக்கியும் போட முடியாது. பயனற்றது என்று ‘கண்டெம்’ ஆகும்வரை அது வார்டு மூலையில் கிடக்கும், ஆண்டுத் தணிக்கைக்கு எடுத்துக் காட்ட வேண்டும். ஓய்வு பெறும் நாளில்கூட ரிஜிஸ்டர் சரியாக ஒப்படைத்தால்தான் நிம்மதி.

இப்போது சக்‌ஷன் கருவி ஒன்று பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டையில் சளி கட்டிய நோயாளி இரவில் திணறினால் அது இல்லாமல் ஆகாது. சிஸ்டர் கோரிக்கைச் சீட்டு, அதாவது இன்டென்ட், எழுதுகிறார். யூனிட் தலைவரின் கையெழுத்து, நிலைய மருத்துவ அலுவலரின் கையெழுத்து, ஸ்டோர், ‘இருப்பு இல்லை’ என்ற முத்திரை, மறுபடி இன்டென்ட். இடையில் பக்கத்து வார்டு சிஸ்டரிடம் சொல்லி, “அக்கா, காலைக்குள் திருப்பிக் கொடுத்துடறேன்” என்று இரவல் வாங்கி ஓட்டுகிறோம். இந்த இரவல் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஏறாததால் பற்றாக்குறையும் மேலே தெரியாது. சமையல் முழுக்க மருமகள் தலையில், உக்கிராண அறைச் சாவி மாமியார் இடுப்பில் என்பார்களே, அந்தக் குடித்தனம்தான்.

மேலே நடப்பதையும் பார்த்திருக்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். மாதாந்திர நிர்வாகக் கூட்டம். மருத்துவத் துறைத் தலைவர்கள் மேசையைச் சுற்றி; கணக்கு அலுவலர் ஒரு பக்கம்; பொறியாளர் ஒரு பக்கம். செவிலியர் கண்காணிப்பாளர் கதவோரம், நோட்டும் பேனாவுமாக. புதிதாகப் பதினாறு படுக்கைகள் திறப்பது அங்கே முடிவானது. கட்டில் பேசப்பட்டது, ஆக்சிஜன் குழாய் பேசப்பட்டது, திறப்பு விழா தேதி பேசப்பட்டது. கடைசியில் அவரைப் பார்த்து, “சிஸ்டர், ஸ்டாஃப் நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்கல்ல?” என்றார்கள். “பண்ணிக்கிறோம் சார்” என்றார். வேறென்ன சொல்வார்? மூன்று வார்டுகளிலிருந்து வார்டுக்கொருவராகப் பிடுங்கித்தான் அந்தப் பதினாறு படுக்கையும் நிரம்பியது. நம் மருத்துவமனைகளை நடத்திச் செல்வது ‘அட்ஜஸ்ட்’ என்ற அந்த ஒரு சொல்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

“ஆள் கொஞ்சம் குறைந்தால் வேலைப் பளுதானே கூடும்?” என்று கேட்பார்கள். லிண்டா ஐகென் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2002இல் இதற்கு விடை சொன்னார்கள். தாமே செவிலியராகப் பணி தொடங்கியவர் ஐகென். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 நோயாளிகளின் பதிவுகளை எடுத்து, செவிலியர் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்தார்கள். ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. நான்கு நோயாளிக்கு ஒருவர் என்பது எட்டு நோயாளிக்கு ஒருவர் என்றானால் 31 விழுக்காடு. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் செய்த ஆய்விலும் அதே 7 விழுக்காடுதான் வந்தது.

நாம் எட்டைப் பற்றிப் பேசுகிறோமா? இருபதைப் பற்றிப் பேசுகிறோம். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சைக்கு எழுதுகிறோம், மதிப்பெண்ணும் வாங்குகிறோம்.

இரண்டாவது சான்று எண்ணிக்கையைப் பற்றியது இல்லை, அதிகாரத்தைப் பற்றியது. பெரிய சிரைக்குள் செலுத்தும் குழாயான சென்ட்ரல் லைன் போடும்போது கிருமி நுழைந்து ரத்தத்தில் பரவுவது தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பழைய தலைவலி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் ஐந்து வரிப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்: கை கழுவு, முழு மறைப்பு போடு, தோலைக் குளோர்ஹெக்சிடின் வைத்துத் துடை, தொடைச் சிரையைத் தவிர், தேவை முடிந்ததும் எடு. இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மருத்துவ மாணவன் அறிந்ததுதான். புதுமை வேறிடத்தில் இருந்தது. பக்கத்தில் நிற்கும் செவிலியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்வார். மருத்துவர் ஒரு படியைத் தாண்டினால், அவசர நிலை அல்லாதபோது, “நிறுத்துங்கள்” என்பார். நிர்வாகம் செவிலியரின் பக்கம் நிற்கும். மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் செய்து பார்த்தபோது, பதினெட்டு மாதங்களில் அந்தத் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்தது. 2006இல் இது வெளியானது. பட்டியலை அச்சடிக்கக் காசு பெரிதாக ஆகாது. சீனியர் டாக்டரை ஒரு சிஸ்டர் நிறுத்தலாம், நிறுத்தினால் அவருக்கு மெமோ வராது என்ற உறுதியைத்தான் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதைக் கொடுக்க வேண்டியது நிர்வாகம்.

நாற்காலி மட்டும் போதுமா?

போதாது. இதற்கு பிரிட்டன் நல்ல பாடம்.

1974இல் அங்கே தேசிய சுகாதாரப் பணியைத் திருத்தியமைத்தபோது, மாவட்ட நிர்வாகக் குழுவில் செவிலியர் அதிகாரிக்கும் மருத்துவருக்கும் நிதி அதிகாரிக்கும் நிர்வாகிக்கும் சமமான இடம் கொடுத்தார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. அதனால் முடிவுகள் தாமதமாகின்றன என்ற புகார் எழ, சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஒன்றை நடத்திவந்த ராய் கிரிஃபித்ஸை அரசு அழைத்தது. 1983இல் அவர் சொன்ன யோசனை: ஒவ்வொரு இடத்திலும் ஒரே பொது மேலாளர். நிர்வாகம் விரைந்தது உண்மை. செவிலியர் அதிகாரியின் சமமான இடம் அதோடு போயிற்று.

பிறகு சட்டம் வந்தது. மருத்துவமனைகளை நடத்தும் டிரஸ்ட்டின் நிர்வாகக் குழுவில் செயல் இயக்குநர்களில் ஒருவர் பதிவுபெற்ற செவிலியராகவோ மருத்துவச்சியாகவோ இருந்தாக வேண்டும். அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில்தான் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை விவகாரம் வெடித்தது. 2005 முதல் 2009 வரை அங்கே நோயாளிகள் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காமலும், நனைந்த படுக்கையிலும் கிடந்ததை ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அம்பலப்படுத்தியது. நிர்வாகம் 1 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்கப் புறப்பட்டு, கை வைத்த இடங்களில் ஒன்று செவிலியர் பணியிடம். 2013இல் வந்த இறுதி அறிக்கையில் 290 பரிந்துரைகள். அந்த மருத்துவமனையின் நிர்வாகக் குழுவிலும் செவிலியர் இயக்குநர் என்ற நாற்காலி இருந்தது என்பதை மறக்க வேண்டாம். நாற்காலி இருந்தும் வார்டின் குரல் அங்கே போய்ச் சேரவில்லை.

ஆகவே நம்மவர் ஒருவர் மேலே போய்விட்டார் என்று மாலை போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. மேலே போனவர் வார்டை மறக்காமல் இருக்க வழி வேண்டும். நம் ஊரில் பதவி உயர்வு என்றாலே நோயாளியை விட்டு விலகுவது என்றாகிவிட்டது. கைதேர்ந்த செவிலியர் ஒருவர் கண்காணிப்பாளர் ஆனதும் ரோஸ்டரும் லீவு விண்ணப்பமுமாக மாறிவிடுகிறார். நிர்வாகத்துக்கு ஓர் ஏணி, நோயாளி அருகிலேயே இருந்து உயர இன்னோர் ஏணி என இரண்டு வேண்டும்.

தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறையில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கிராம சுகாதார செவிலியராகத் தொடங்குகிறவர் படிப்படியாக மேற்பார்வைப் பதவிகளுக்கு உயர்ந்து, மாவட்ட அளவில் தாய் சேய் நலப் பொறுப்பு வரை போக முடிகிறது. பிரசவத்துக்கு நடந்த கால்கள்தான் பிரசவத் திட்டத்தை மேற்பார்க்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்று வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க வழி செய்தபோது, இரவில் அந்த நிலையத்தின் கதவைத் திறந்து வைத்திருந்ததும் செவிலியர்கள்தான். டாக்டர் வரும்வரை பிரசவ அறையில் முடிவெடுத்தவர்களும் அவர்களே.

டாக்டர்களின் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறீர்களா என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. என்ன நோய், என்ன மருந்து என்பது அவர்கள் துறை. அதில் எங்களுக்கு வழக்கில்லை. அந்த மருந்து நேரத்துக்கு நோயாளியின் உடம்பில் ஏறுவதற்கு எத்தனை கை வேண்டும் என்பது எங்கள் துறை. அதைப் பற்றி முடிவெடுக்கும்போது எங்களைக் கேளுங்கள் என்கிறோம். குக் தீவுகளின் சுகாதாரத் துறைச் செயலராக இருந்த எலிசபெத் ஐரோ, டோங்காவின் சுகாதார அமைச்சராக இருந்த அமேலியா துய்புலோட்டு ஆகிய இருவரும் செவிலியர்கள். அடுத்தடுத்து உலக சுகாதார நிறுவனத்தின் தலைமைச் செவிலியர் பொறுப்புக்கு வந்தவர்கள். பசிபிக் கடலின் சின்னஞ்சிறு தீவுகள் ஒரு செவிலியரை நம்பித் துறையையே ஒப்படைத்திருக்கின்றன. நம் மருத்துவமனைகள் ஒரு சக்‌ஷன் கருவியை வாங்கும் அதிகாரத்தையாவது ஒப்படைக்கலாம்.

செய்யக்கூடியவை

பெரிய சீர்திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, வார்டு சிஸ்டரின் கையில் ஒரு சிறு தொகை. அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்க நிதி இருக்கிறது. அதிலிருந்து சில்லறைப் பழுதுகளுக்கு அவரே செலவழித்துக் கணக்கு காட்டட்டும். ஆம்பூலுக்குக் கணக்கு சொல்கிறவருக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கு சொல்லத் தெரியும்.

இரண்டு, புதிய படுக்கை, புதிய பிரிவு, ஆள்குறைப்பு பற்றிய எந்தக் கோப்பும் செவிலியர் கண்காணிப்பாளரின் எழுத்துபூர்வக் குறிப்பு இல்லாமல் முடியக் கூடாது. நிர்வாகம் அவர் கருத்தை மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். வாய்வார்த்தை ‘அட்ஜஸ்ட்’டுக்கு அதோடு முடிவு.

மூன்று, மாணவர்களுக்கு. செவிலிய நிர்வாகம் என்ற தாளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு மருத்துவமனையின் வரவு செலவு அறிக்கையை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரவல் வாங்கியதை எழுதி வையுங்கள். எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர், அன்று விழுந்தவர் எத்தனை பேர், படுக்கைப் புண் எத்தனை பேருக்கு என்று மாதாமாதம் கணக்கு எடுங்கள். கூட்டத்தில் குரலை உயர்த்திப் பேசினால் ‘சிஸ்டருக்குக் கோபம்’ என்பார்கள். தாளை நீட்டினால் வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

நான்காவது, இந்தக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையின் நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டாஃபோர்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் ஒவ்வொரு வார்டிலும் இருக்க வேண்டிய செவிலியர் எண்ணிக்கையையும் உண்மையில் இருப்பவர்களின் எண்ணிக்கையையும் வெளியிடும் நடைமுறை 2014இல் வந்தது. அதை இங்கே நாளைக்கே தொடங்கலாம். ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் போதும். வார்டு வாசலில் இரண்டு எண்கள், நோயாளியின் உறவினர் கண்ணில் படும்படி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு இதுவரை செவிலியர் மட்டுமே பதில் சொல்லிவந்தார். பலகை மாட்டிய மறுநாளிலிருந்து அந்தக் கேள்வி நிர்வாக அறைக்கும் போகும். போகும்போது, அதற்குப் பதில் தெரிந்தவரைக் கதவோரத்திலிருந்து மேசைக்கு அழைத்துத்தான் தீர வேண்டும்.